போட்டிக்கா, பொழுதுக்கா? சிங்கப்பூரில் நீந்தும் பெரியவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது

நீச்சல் பழகி ஓராண்டு ஆன பெரியவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். 50 மீட்டர் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போய்விட முடிகிறது. பக்கத்துத் தடத்தில் ஒரு கூட்டம் கோச் சொல்லச் சொல்ல, கடிகாரம் பார்த்துப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதில் போய்ச் சேர்ந்துகொள்வதா? அல்லது இப்படியே வாரம் இரண்டு முறை வந்து, உடம்பை நனைத்துவிட்டுப் பசியாறப் போவதா?

வழி இரண்டுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்று இருக்கின்றன. சொந்தமாக, கணக்கு வழக்கில்லாமல் நீந்துவது முதலாவது. ‘மாஸ்டர்ஸ்’ என்று சொல்லப்படும் பெரியவர்களுக்கான போட்டி நீச்சலில் இறங்குவது இரண்டாவது. போட்டிக்காரர்களின் பயிற்சி முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பது மூன்றாவது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் நீச்சலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாவதையே பரிந்துரைப்போம். தண்ணீரில் கிடைக்கும் சந்தோஷம் லாகவத்தால் வருகிறது, லாகவமோ சும்மா போய் வருவதால் மட்டும் கைகூடுவதில்லை. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தும் தீர்ப்பு இல்லை, ஒவ்வொன்றையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சொந்தமாக நீந்துவது

செலவில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. பொது நீச்சல் வளாகங்களில் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் ஒன்றிரண்டு வெள்ளிதான். வாரம் இருமுறை போனாலும் ஆண்டுக்கு இருநூறு வெள்ளிக்குள் அடங்கும். ஜாலான் புசார், பீஷான், செங்காங், ஜூரோங் வெஸ்ட் என்று எந்தப் பக்கம் குடியிருந்தாலும் எட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது. ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ‘செவ்வாய், வியாழன் இரவு 8 மணி’ என்று கட்டம் போட்ட எந்தக் குழுவிலும் அவரால் மாதம் நான்கு நாள்கூடச் சேர்ந்தாற்போல் வர முடியாது.

நேரம் பார்த்துப் போக வேண்டும். சனி, ஞாயிறு காலை பிள்ளைகளின் வகுப்புகளால் குளம் நிரம்பிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் பல தடங்களைப் பள்ளிகளும் மன்றங்களும் எடுத்துக்கொள்ளும். வார நாளில் குளம் திறந்தவுடனோ இரவு எட்டரைக்குப் பிறகோ போனால் ஒரு தடம் ஏறக்குறைய உங்களுக்கே கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடுவார்கள், அது வளாகத்துக்கு வளாகம் வேறுபடும். கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்களுக்கு மின்தூக்கியில் இறங்கினால் குளம். ஆனால் அவற்றில் பல 25 மீட்டரைக்கூட எட்டாதவை, வளைந்து நெளிந்தவை, தரையில் கறுப்புக் கோடு இல்லாதவை. மிதப்பதற்கு நல்லவை, நீந்திப் பழகுவதற்குப் போதாது.

முதல் ஆறு மாதம் இந்த முறையில் எல்லாம் இனிக்கும். அதன்பிறகு தேக்கம் வரும், அந்தத் தேக்கம்தான் பலரைக் குளத்திலிருந்து வெளியே அனுப்புகிறது. ஊரில் கிணற்றிலோ ஆற்றிலோ பழகிவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சுரைக்குடுக்கை கட்டிப் பழகிய நீச்சல் அது. தண்ணீர் பயம் துளியும் இருக்காது, அது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் யாரும் ஒரே போக்கில் பத்து மீட்டருக்கு மேல் போக வேண்டியதில்லை. மேலேயிருந்து எவன் குதிக்கிறான் என்று பார்க்கத் தலை எப்போதும் வெளியிலேயே இருக்கும். தலை மேலே போனால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் தொங்கும், அப்புறம் உடம்பு முழுவதும் தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டுதான் முன்னே போக வேண்டும். 50 மீட்டர் குளத்தில் முப்பதாவது மீட்டரிலேயே மூச்சு முட்டும், பிடரி வலிக்கும். “எனக்கு ஸ்டாமினா பத்தலை” என்பார் அவர். ஸ்டாமினாவில் குறை இல்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு, முகம் திரும்பும் அந்த ஒரு நொடிக்குள் விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறார். பழைய காற்று வெளியேறாமல் புதிய காற்றுக்கு இடம் ஏது? “அண்ணே, உள்ள இருக்கும்போதே குமிழி குமிழியா விட்டுடுங்க. வெளிய வந்தா இழுக்குற வேலை மட்டும்தான்” என்று ஒருவர் கரையில் குந்தி உட்கார்ந்து நான்கு வாரம் சொன்னால் தீர்கிற விஷயம். தனியாக நீந்துபவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அவர் அதே தவற்றை ஆண்டுக்கு நூறு தடவை இன்னும் நன்றாகப் பழகிக்கொள்கிறார்.

தனியாகத்தான் நீந்துவேன் என்பவருக்கு ஒரு விளையாட்டைச் சொல்லலாம். 50 மீட்டர் நீந்துங்கள். எத்தனை கை வீச்சு, எத்தனை வினாடி என்று எண்ணி இரண்டையும் கூட்டுங்கள். 58 வீச்சு, 75 வினாடி என்றால் 133. அடுத்த சுற்றில் அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கப் பாருங்கள். வேகமாக அடித்தால் வினாடி குறையும், வீச்சு ஏறும். மெதுவாகச் சறுக்கினால் வீச்சு குறையும், வினாடி ஏறும். இரண்டும் சேர்ந்து குறையும் நாளில் உங்கள் நீச்சல் உண்மையிலேயே நன்றாகியிருக்கிறது. யாரோடும் போட்டியில்லாத இந்த எண் விளையாட்டுக்கு மயங்கி வருடக்கணக்கில் குளத்தை விடாதவர்கள் உண்டு.

இன்னொன்று, வானம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி கேட்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை சாதாரணம். விடிகாலையில் வரும் சுமத்ரா பலத்த காற்று வேறு. மின்னல் எச்சரிக்கை ஒலித்ததும் திறந்தவெளிக் குளத்தில் எல்லாரும் வெளியேறியாக வேண்டும். தனியாக வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு வாரம் இப்படி நடந்தால் பழக்கமே அறுந்துபோகும். குழுவாக வந்தவர்கள் கூரைக்குக் கீழே ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு, பேசிக்கொண்டு காத்திருப்பார்கள். மழை விட்டதும் இறங்குவார்கள். ஒருவர் நீச்சலை விடுவாரா தொடர்வாரா என்பது பல சமயம் இந்த அரை மணி நேரத்தில் முடிவாகிறது.

போட்டியில் இறங்குவது

போட்டி என்றதும் நம் கண்முன் வருவது 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 வினாடியில் முடித்துத் தங்கம் வென்ற காட்சி. மாஸ்டர்ஸ் போட்டி அந்த உலகம் அன்று. குறைந்த வயது 25. அங்கிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள்: 25–29, 30–34, 35–39 என்று தொண்ணூறுக்கு மேலும் போகும். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. அதனால் நாற்பதாவது பிறந்தநாளை ஆவலோடு எதிர்பார்க்கிற மனிதர்களை இங்கே மட்டும்தான் பார்க்க முடியும்: பழைய பிரிவில் மூத்தவராக இருந்தவர் புதிய பிரிவில் இளையவர் ஆகிவிடுகிறாரே!

2025இல் உலக நீர் விளையாட்டுப் போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தபோது மாஸ்டர்ஸ் உலகப் போட்டியும் இங்கேயே நடந்தது. அதற்குப் பிறகுதான் நம்மவர்களில் பலருக்கு இப்படியொரு உலகம் இருப்பதே தெரிந்தது. உலகப் போட்டிக்குத் தகுதி நேரம் உண்டு. உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் அப்படிக் கெடுபிடி காட்டுவதில்லை.

விதிகளும் பெரியவர்களை எண்ணி வகுக்கப்பட்டவை. மேடையிலிருந்து குதிக்க முடியாதவர் கரையில் நின்று புறப்படலாம், தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடியும் புறப்படலாம். வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தவளைக் கால் போட மாஸ்டர்ஸில் அனுமதி உண்டு. ஃபிரீஸ்டைல் என்றால் பெயருக்கேற்ப எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம். 2015இல் ஜப்பானின் மியேகோ நகவோகா தம் நூறாவது வயதில் 1500 மீட்டர் ஃபிரீஸ்டைல் போட்டியை முழுக்க மல்லாந்து நீந்தியே முடித்தார். ஒரு மணி 15 நிமிடம் 54 வினாடி. எண்பது வயதுக்கு மேல் நீச்சலுக்கு வந்தவர் அவர்.

போட்டி மட்டுமே தரக்கூடியது ஒன்று உண்டு. அது தேதி. பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை உங்கள் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தால், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இரவிலும் கால் தானாகக் குளத்துக்குப் போகும். இன்னொன்று, நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் தொடர் நீச்சல். நான்கு பேர் வயதையும் கூட்டிப் பிரிவு போடுவார்கள். 28, 35, 44, 55 என்றால் மொத்தம் 162, ஆக 160–199 பிரிவு. ஐம்பத்தைந்து வயதுக்காரர் அங்கே சுமை இல்லை, அவர் வயதுதான் குழுவின் பிரிவை உயர்த்துகிறது. போட்டியும் குதூகலமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடப்பது இதில்தான். தனிநபர் போட்டியே வேண்டாம் என்பவர்கூட ஒருமுறை தொடர் நீச்சலில் இறங்கிப் பார்க்கலாம்.

இனி விலை. வெள்ளியைவிட நேரம்தான் அதிகம் போகும். முன்னேற்றம் தெரிய வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரில் இருக்க வேண்டும். போக, வர, குளிக்க, தலை துவட்ட எல்லாம் சேர்த்தால் ஆறேழு மணி நேரம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கணவன் மனைவி உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ‘பார்த்துக்கலாம்’ என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்தில் சண்டையாகத்தான் முடியும்.

குதித்துப் புறப்படுவது அடுத்த சிக்கல். பொது நேரத்தில் நீச்சல் வளாகங்களில் குதிக்க அனுமதி இல்லை. எனவே மேடைப் புறப்பாட்டைத் தனியாகப் பழகவே முடியாது, தடம் எடுத்து நடத்தும் மன்றத்தின் பயிற்சியில்தான் முடியும். புறப்படும் மேடை உள்ள இடத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது உலக விதி. அதற்கும் குறைவான இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து பார்ப்பது கழுத்தெலும்போடு விளையாடுவது. முறையாகப் பழகும்போதும் முதலில் மண்டியிட்டு, பிறகு குந்தி, பிறகு நின்று, கடைசியாக மேடை என்றுதான் ஏற வேண்டும். குதித்தவுடன் கண்ணாடி கழன்று கழுத்துக்கு வருகிறதா? தண்ணீரில் விழும் நொடியில் நீங்கள் முன்னால் பார்க்க முகத்தை நிமிர்த்துகிறீர்கள். தாடை நெஞ்சை நோக்கி இருந்தால் கண்ணாடி நகராது. வாரை இறுக்கிக் கட்டுவது அதற்கு மருந்தில்லை, கண்ணைச் சுற்றி வளையம்தான் விழும்.

உடை பற்றி நம் பெண்கள் பலர் கேட்பதுண்டு. பொதுக் குளத்தில் நீச்சல் துணியால் ஆன முழுக்கைச் சட்டை, நீளக் காலுடை எல்லாம் போட்டுக்கொண்டு தாராளமாக நீந்தலாம், பயிற்சியும் செய்யலாம். போட்டி விதி வேறு. பெண்களின் உடை கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆண்களுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை. இது ஒத்துவராது என்றால் பதிவு செய்வதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். போட்டி நாளன்று கரையில் நின்று கேட்பது மனவருத்தத்தில்தான் முடியும்.

முதல் போட்டியில் தகுதி இழப்பவர்கள் பெரும்பாலும் தெரியாமல் இழக்கிறார்கள். தவளை நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சியிலும் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினால் போச்சு. மல்லாந்த நீச்சலில் கடைசியாகச் சுவரைத் தொடும்போது மல்லாந்தே இருக்க வேண்டும், எட்டிப் பார்க்கப் புரண்டால் போச்சு. புறப்பாட்டு ஒலிக்கு முன் புறப்பட்டால் ஒரே தடவையில் வெளியே, இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

போட்டியின் உண்மையான ஆபத்து தோற்பது இல்லை. இரண்டு இடங்களில் அது ஒளிந்திருக்கிறது. முதலாவது தோள். பெயர் கொடுத்ததும் வாரம் 3 கிலோமீட்டர் நீந்திக்கொண்டிருந்தவர் திடீரென்று 7 கிலோமீட்டருக்குப் போவார். உள்ளங்கையில் மாட்டும் தட்டையான கைத்துடுப்பு வாங்கி மாட்டிக்கொள்வார். கட்டைவிரல் முதலில் தண்ணீரில் குத்தும்படி கை வைப்பார். தோள்மூட்டின் மேல்பகுதியில் தசைநார் மறுபடி மறுபடி நசுங்கும். தலை சீவும்போதும் மேல் அலமாரிக்குக் கை நீட்டும்போதும் சுருக்கென்று வலித்தால், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாமல் போனால், அது எச்சரிக்கை. தூரத்தை வாரத்துக்கு பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். முதல் ஆண்டில் கைத்துடுப்பே வேண்டாம். விரல்நுனிகள் முதலில், தோளுக்கு நேராக, தலைக்கு முன்னால் குறுக்கே போகாமல் தண்ணீரில் இறங்கட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி, 15 தடவை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். இரண்டு வாரத்தில் வலி அடங்காவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும், பொறுத்துக்கொண்டு நீந்தக் கூடாது.

இரண்டாவது, மூச்சடக்கம். போட்டி வெறி ஏறியவர்கள் தலைதூக்காமல் 25 மீட்டர், 50 மீட்டர் போகப் பார்ப்பார்கள். அதற்கு முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு முக்கியமாகக் கரியமில வாயு சேர்வதால் வருகிறது. வேகமாக மூச்சு வாங்கும்போது அந்த வாயு வெளியேறிவிடும். பிராணவாயு தீர்ந்துகொண்டிருக்கும், தவிப்போ வராது. எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் ஆழமில்லாத குளத்தில் இறந்துபோவது இப்படித்தான். தனியாக இருக்கும்போது ஒருநாளும் செய்யாதீர்கள். கோச் இருந்தாலும், வேக மூச்சு வாங்கச் சொல்கிற கோச்சிடமிருந்து விலகிவிடுங்கள்.

மனத்தளவில் ஒரு விஷயம். 35–39, 40–44 பிரிவுகளில் பலர் சின்ன வயதில் பள்ளிக்காக நீந்தியவர்கள். பன்னிரண்டு வயதில் உடம்பில் ஏறிய தண்ணீர் உணர்வு அவர்களுடையது. நாற்பதில் தொடங்கியவர் அவர்களோடு தம்மை ஒப்பிட்டால் ஒவ்வொரு போட்டியும் மனச்சோர்வுதான். தம் போன ஆண்டு நேரத்தோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் திருவிழா, ஏனென்றால் நேரம் குறைந்துகொண்டே வரும். இந்த மாற்றத்தை மனத்துக்குள் செய்ய முடியாதவர் போட்டிப் பக்கம் போகாமல் இருப்பது அவருக்கு நல்லது.

பயிற்சி வேண்டும், பதக்கம் வேண்டாம்

மூன்றாவது வழியில் நீங்கள் செய்வது: கோச் உள்ள பெரியவர் குழுவில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ சேர்ந்து, போட்டிக்காரர் செய்யும் அதே வகைப் பயிற்சியை உங்கள் வேகத்தில் செய்வது. 1500 மீட்டரில் அடங்கும் ஒரு நாள் பயிற்சி இப்படி இருக்கும். முதலில் 200 மீட்டர் நிதானமாக. பிறகு 50 மீட்டராக நான்கு, ஒவ்வொன்றிலும் பாதித் தூரம் நுணுக்கப் பயிற்சி, மீதி வழக்கமான நீச்சல், நடுவில் 20 வினாடி ஓய்வு. பலகையைப் பிடித்துக் கால் மட்டும் 50 மீட்டராக நான்கு. அடுத்து முக்கியப் பகுதி: 100 மீட்டராக ஆறு. பின் 25 மீட்டராக நான்கு, முழு வேகத்தில், நடுவில் 40 வினாடி ஓய்வு. கடைசியில் 200 மீட்டர் ஆற அமர. பலகைப் பயிற்சியில் தவளைக் கால் போடுபவர்கள் முழங்காலின் உள்பக்கம் வலித்தால் கால்களை அகல விரிப்பதைக் குறைக்க வேண்டும்.

அந்த ஆறு நூறுகளை எந்த வேகத்தில் நீந்துவது? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒருநாள் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் முடிந்த அளவு வேகமாக நீந்தி நேரம் எடுங்கள். பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு 200 மீட்டருக்கும் அப்படியே. 400க்குப் பத்து நிமிடம், அதாவது 600 வினாடி. 200க்கு 4 நிமிடம் 40 வினாடி, அதாவது 280. வித்தியாசம் 320, அதில் பாதி 160. ஆக 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 வினாடிதான் நீங்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். அந்த வேகத்தில் நீந்தி 20 வினாடி ஓய்வெடுத்தால் சரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படலாம். முள் பன்னிரண்டுக்கு வரும்போது கிளம்பினால் போதும், மனக்கணக்கு போட வேண்டியதில்லை.

இதில் ஏறக்குறைய எல்லாரும் செய்யும் பிழை, முதல் நூறை 2:25க்கு முடித்துப் பெருமைப்பட்டு, கடைசி நூறை 2:58க்கு இழுத்துக்கொண்டு வருவது. சராசரி பார்த்தால் சரியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் உடம்பு பழகியது வேகமாகத் தொடங்கிச் சாகும் முறையை. முதல் இரண்டு நூறும் ‘இவ்வளவு சுலபமா’ என்று தோன்ற வேண்டும். நான்காவதில் கவனம் தேவைப்பட வேண்டும். ஆறாவதும் 2:40க்குள் வந்தால் அன்றைக்கு நீங்கள் நீந்தியிருக்கிறீர்கள். கடிகாரம் இங்கே யாரையும் தோற்கடிக்க இல்லை, சீராக நீந்தக் கற்றுக்கொடுக்க இருக்கிறது. சும்மா நீந்துபவர்கள் கடிகாரத்தை வெறுப்பதற்குக் காரணம், அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தி ஒருமுறையும் பார்க்காததுதான்.

இங்கே தண்ணீர் வெதுவெதுப்பானது என்பதையும் கணக்கில் எடுங்கள். போட்டிக் குளத்தின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது விதி. நம் திறந்தவெளிக் குளங்கள் 30 டிகிரியைத் தொடும் நாள்கள் ஏராளம். அதில் தீவிரப் பயிற்சி செய்தால் உடம்பு சூடு வெளியேற வழியில்லாமல் திணறும். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். சுவரோரம் ஒரு பாட்டில் இருக்கட்டும், சுற்றுக்குச் சுற்று இரண்டு மிடறு. பிற்பகல் ஒரு மணி வெயிலில் தீவிரப் பயிற்சியே வேண்டாம்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருநாள் கரையில் உட்கார்ந்து பாருங்கள். கோச் கடைசித் தடத்துக்கும் நடந்து வருகிறாரா, வேகமானவர்களோடு மட்டும் நின்றுவிடுகிறாரா? மெதுவான தடத்துக்குத் தனித் திட்டம் உண்டா? எல்லாருக்கும் ‘பத்து நூறு, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று’ என்று கொடுத்தால், 2:30 எடுப்பவருக்கு ஓய்வே கிடையாது. அவர் பின்தங்கி, கடைசி நான்கை விட்டுவிட்டு, குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போவார். மூன்றாவது வாரம் வரமாட்டார். கோச் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் பதிந்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். “அங்கிள், ஒரு டிரையல் வந்து பாருங்க, பிடிச்சா சேருங்க” என்று சொல்கிற குழு நல்ல குழு. முதல் நாளே ஆறு மாதப் பணம் கேட்கிற இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை.

கடல் நீச்சல் தனி உலகம். செந்தோசாவில் போட்டிகள் நடப்பதுண்டு. குளத்தில் 1500 மீட்டரை நிற்காமல் நீந்தும் வரை அதைத் தள்ளி வையுங்கள்.

உடம்பு என்ன சொல்கிறது

நீரிழிவு நம் சமூகத்தில் அதிகம், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் கடும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் காலை ஆறரைக்குக் குளத்தில் இறங்கித் தீவிரமாக நீந்துவது அவர்களுக்கு ஆபத்து. மயக்கம் தரையில் வந்தால் உட்காரலாம், தண்ணீரில் வந்தால்? மருத்துவரிடம் மாத்திரை நேரம் பற்றிப் பேசுங்கள், இறங்கும் முன் அளந்து பாருங்கள், இனிப்புப் பானம் ஒன்றைக் கரையிலேயே வையுங்கள், கோச்சிடமும் சொல்லி வையுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், பிசோபிரலால் வகை மாத்திரை எடுப்பவர்களின் இதயத் துடிப்பு எவ்வளவு நீந்தினாலும் அதிகம் ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. சுவரில் நின்றதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு அளவுகோல். நாற்பதைத் தாண்டி, நெடுநாள் உடற்பயிற்சி இல்லாமல் இருந்து, போட்டி வேகத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிதானமாக மிதப்பவருக்கும் போட்டிக்காரருக்கும் உள்ள பெரிய வேறுபாடே இதயத்துக்குக் கொடுக்கும் வேலைதான்.

தலைமுடிக்காகவே நீச்சலைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். இறங்கும் முன் முடியைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டுத் தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம், அது குளத்தில்தான் கலக்கும். வாரம் மூன்று முறை நீந்துபவர்கள் முழுப் பாலியெஸ்டர் உடையை வாங்கலாம். நெகிழ்நூல் அதிகமுள்ள உடையைக் குளோரின் சில மாதங்களில் தொளதொளவென்று ஆக்கிவிடும்.

எப்படி முடிவெடுப்பது

பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் மேலே சொன்ன 400, 200 கணக்கைப் போட்டு எழுதி வையுங்கள். வாரம் இரண்டு நாள்: ஒருநாள் 1500 மீட்டர் பயிற்சி, இன்னொரு நாள் கடிகாரமே இல்லாமல், பிடித்த நீச்சல், பிடித்த தூரம். இந்த இரண்டாவது நாளை யாரும் வெட்டக் கூடாது, போட்டிக்காரராகவே ஆனாலும்கூட. ஒன்பதாவது வாரம் நண்பர் ஒருவரைக் கரையில் நிற்கவைத்து, அவர் கையில் கடிகாரம் கொடுத்து, 50 மீட்டர் ஒன்றை உங்களால் முடிந்த முழு வேகத்தில் நீந்துங்கள். பன்னிரண்டாவது வாரம் மறுபடி அதே 400, 200.

ஒன்பதாவது வாரம் சுவரைத் தொட்டுத் தலை தூக்கியதும் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். “எவ்வளவு?” என்று கேட்டு, மூச்சு அடங்குவதற்குள் “இன்னொரு தடவை போறேன்” என்பவர் போட்டியில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டியவர். “கடைசியில ஏன் கால் தொங்குச்சு?” என்பவருக்குக் குழுப் பயிற்சி. நேரத்தைக் கேட்கவே மறந்து மல்லாந்து மிதந்து மேகம் பார்ப்பவர் தமக்கு வேண்டியதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டவர். மூச்சு விடுவதையும் தலையை இறக்குவதையும் மட்டும் நான்கைந்து வகுப்பில் சரிசெய்துகொண்டு அவர் தம் வழியில் போகலாம்.

போட்டிக்குப் பெயர் கொடுப்பவர் முதல் தடவை 50 மீட்டர் ஃபிரீஸ்டைலும் 50 மீட்டர் தவளை நீச்சலும் எடுத்தால் போதும், இரண்டுக்கும் நடுவில் போதிய இடைவெளி இருக்கிறதா என்று நிகழ்ச்சி வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 50 மீட்டர் குளத்தில் அந்தத் தூரத்துக்குத் திரும்பும் வேலையும் இல்லை. குதிக்கத் தயக்கமா, தண்ணீரிலிருந்தே புறப்படுங்கள். பதிவுப் படிவத்தில் நேரம் கேட்பார்கள். ஒன்பதாவது வாரம் நண்பர் எடுத்த அந்த நேரத்தையே எழுதுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் யாருக்குப் பக்கத்தில் எந்தத் தடம் என்று பிரிப்பார்கள். பத்து வினாடி குறைத்து எழுதினால் மின்னல் வேகக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் முடித்த குளத்தில் கடைசி இருபது மீட்டரைத் தனியாக நீந்த வேண்டிவரும். உண்மையான நேரம் எழுதினால் பக்கத்துத் தடத்தில் உங்கள் வேகத்திலேயே ஒருவர் இருப்பார், அவர் கை தண்ணீரில் விழும் சத்தம் கடைசிவரை காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.